பணியிட உடல்நல ஆய்வும் தொழிற்சங்கமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சங்கத்தின் பாதுகாப்புக் குழுவில் இருந்த ஆண்டுகளில் வாயிற்கூட்டங்களிலும் செயற்குழுக்களிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள் இவை. சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். அதனால் எந்த நாட்டுத் தொழிலாளருக்கும் பொருந்தக்கூடியதையே எழுதியிருக்கிறேன். பல நாட்டுச் சங்கங்கள் பட்ட பாடுகளையும் ஆங்காங்கே சேர்த்திருக்கிறேன்.

நிபுணர் மதிப்பீடு என்று எதைச் சொல்கிறோம்?

வேலையிடத்தின் தூசு, இரைச்சல், வெப்பம், ரசாயனம், தூக்கும் சுமை, ஷிப்ட் முறை, வேலைப்பளு ஆகியவை தொழிலாளியின் உடலையும் மனத்தையும் என்ன செய்கின்றன என்று, அதற்குரிய படிப்பும் கருவிகளும் உள்ள ஒருவர் நேரில் வந்து பார்த்து, அளந்து, ஆட்களிடம் கேட்டு எழுதித் தரும் அறிக்கைதான் அது. காற்றையும் இரைச்சலையும் அளப்பவர் ஒருவர். நோயை ஆராயும் தொழில்சார் மருத்துவர் இன்னொருவர். உடல் எப்படி வளைகிறது, கை எத்தனை முறை சுழல்கிறது என்று கவனிக்கும் பணிச்சூழலியல் வல்லுநர் வேறொருவர்.

ஆண்டுதோறும் நடக்கும் மருத்துவப் பரிசோதனையை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அந்தப் பரிசோதனை, 'இந்த ஆள் இந்த வேலைக்குத் தகுதியானவரா?' என்று கேட்கிறது. சங்கம் கேட்க வேண்டியது, 'இந்த வேலை மனிதர் செய்யத் தகுதியானதா?' என்பது.

தன் உடம்பின் வலி தொழிலாளிக்கே தெரியும். வெளியாள் வந்து சொல்ல என்ன இருக்கிறது?

வலி தெரியும். அது எதனால் வருகிறது, இன்னும் எத்தனை பேருக்கு இருக்கிறது, வேலைதான் காரணம் என்று எப்படி நிறுவுவது என்பவை தெரிவதில்லை. தனியாகப் போய்ச் சொன்னால் 'உன் வயது', 'உன் புகைப்பழக்கம்', 'உன் உடம்பு வாகு' என்று பதில் வரும். அப்படித் திருப்பி அனுப்பப்பட்ட பலரை எனக்குத் தெரியும்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் லாத்ராப் என்ற ஊரில் ஒரு பூச்சிக்கொல்லி ஆலை இருந்தது. மண்ணில் வாழும் நூற்புழுக்களைக் கொல்லும் டிபிசிபி என்ற ரசாயனத்தை அங்கே கையாண்டார்கள். அந்தப் பிரிவில் வேலை செய்த ஆண்கள், தங்களில் பலருக்குக் குழந்தை பிறக்கவில்லை என்பதை மெல்ல மெல்லத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். வெளியில் சொல்லக் கூசும் பேச்சு அது. 1977இல் சங்கத்தின் துணையோடு சிலர் விந்துப் பரிசோதனைக்கு முன்வந்தார்கள். அணுக்கள் மிகக் குறைவாக இருந்தன, அல்லது அறவே இல்லை. பிறகு டொனால்ட் வோர்ட்டன் என்ற மருத்துவர் மற்றவர்களையும் பரிசோதித்தார். அந்த ரசாயனத்தோடு அதிக ஆண்டுகள் பழகியவர்களுக்கே பாதிப்பும் அதிகம் என்று தெரிந்தது. அந்த ஆண்டிலேயே அரசு அவசர விதி கொண்டுவந்தது.

என்னை உறுத்துவது இதன் முன்கதை. அந்த ரசாயனம் எலிகளின் விந்தகங்களைச் சுருக்குகிறது என்ற ஆய்வு 1961இலேயே அச்சாகியிருந்தது. பதினாறு ஆண்டுகள் அந்தத் தாள் ஒரு பக்கம் கிடந்தது, அந்த மனிதர்கள் இன்னொரு பக்கம் வேலை செய்துகொண்டிருந்தார்கள். சரியான கேள்வியை எழுப்பியவர்கள் தொழிலாளர்கள். விடையை நிறுவியவர் மருத்துவர். இருவரையும் ஒரே அறையில் உட்கார வைத்தது சங்கம். இந்தப் பக்கத்தில் நான் சொல்லப்போவது எல்லாமே இந்த வேலைப் பிரிவினையைப் பற்றியதுதான்.

நிபுணரை அழைக்க எங்களுக்கு உரிமை உண்டா? செலவு யாருடையது?

உங்கள் நாட்டுச் சட்டத்தையும் உங்கள் ஒப்பந்தத்தையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். சர்வதேச அளவில் ஒரு பிடி இருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 155ஆம் உடன்படிக்கை 1981இல் வந்தது. அதன் 19ஆம் பிரிவு, வேலை தொடர்பான பாதுகாப்பு, உடல்நல விஷயங்கள் அனைத்தையும் விசாரிக்கத் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு வழி இருக்க வேண்டும் என்கிறது. அதற்காக வெளியிலிருந்து தொழில்நுட்ப ஆலோசகர்களை அழைக்கலாம் என்றும் சொல்கிறது, ஆனால் இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் மட்டும். அந்த நிபந்தனையில்தான் பல இடங்களில் சிக்கல். 2022இல் பாதுகாப்பான, நலமான பணிச்சூழல் என்பதையும் இந்த அமைப்பு தொழிலாளரின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. பேச்சுவார்த்தை மேசையில் இதைச் சொல்லத் தயங்காதீர்கள்.

பிரான்சில் இந்த உரிமைக்குப் பல்லே உண்டு. கடுமையான ஆபத்து தெரிந்தால், தேர்ந்தெடுக்கப்பட்ட பணியாளர் குழு தீர்மானம் போட்டுச் சான்று பெற்ற நிபுணரை அழைக்கலாம். முழுச் செலவும் நிர்வாகத்துடையது. வேலை முறையில் பெரிய மாற்றம் கொண்டுவரும்போது அழைத்தால், பொதுவாக 80 சதவீதத்தை நிர்வாகமும் 20 சதவீதத்தைக் குழுவும் ஏற்கின்றன. நிர்வாகம் இதை எதிர்த்து நீதிமன்றம் போகலாம், போகவும் செய்கிறது. அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனத்திடம் சங்கப் பிரதிநிதி எழுதிக் கேட்கலாம். சங்கம் இல்லாத இடத்தில் மூன்று தொழிலாளர்கள் சேர்ந்து கேட்டாலும் போதும். கட்டணம் இல்லை.

இத்தகைய வழி எதுவும் இல்லாத இடத்தில் பல்கலைக்கழகத் துறைகளையும் மருத்துவக் கல்லூரிகளையும் அணுகுங்கள். அங்கே ஆய்வுக்குக் களம் தேடும் நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள். பல ஆலைச் சங்கங்கள் சேர்ந்து ஒரு பொது நிதி வைப்பதும் நடக்கக்கூடியதே.

பணம் யார் கொடுக்கிறார் என்பதைவிட, அறிக்கை யார் கைக்கு முதலில் போகிறது என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். நிர்வாகம் பணம் கொடுத்த ஆய்வாக இருந்தாலும், முழு அறிக்கையும் அதே நாளில் சங்கத்துக்கும் வர வேண்டும் என்று தொடக்கத்திலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள். வரைவு நிலையில் நிர்வாகம் மட்டும் படித்துத் திருத்தம் சொன்ன அறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் வினைச்சொற்களே மெலிந்துபோயிருக்கும்.

நிர்வாகம் ஏற்கெனவே அளந்துவிட்டது. 'எல்லாம் வரம்புக்குள்' என்கிறது. இனி என்ன பேச?

நிறையப் பேசலாம். அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது, அதிகமாக ஏமாறும் இடமும் இது.

நான் வேலை செய்த ஓர் ஆலையில் ஒருமுறை தூசு அளவீட்டு அறிக்கை வந்தது. எல்லா எண்களும் வரம்பில் கால் பங்குதான். எங்களுக்கு நம்பிக்கை வரவில்லை. அளவெடுத்த தேதியை உற்பத்திப் பதிவேட்டோடு ஒப்பிட்டோம். அன்று மூன்று அரைவை இயந்திரங்களில் இரண்டு பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தன. அறிக்கையில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. அன்றைய காற்று அப்படித்தான் இருந்தது. மற்ற நாள்களின் காற்றை நாங்கள் சுவாசித்தோம்.

ஆகவே முதல் கேள்வி: எந்த நாள், எந்த ஷிப்ட், எத்தனை இயந்திரம் ஓடியது, உற்பத்தி எவ்வளவு? இரண்டாவது: கருவி எங்கே இருந்தது? அறையின் மூலையில் முக்காலி மேல் வைத்த கருவி அந்த மூலையின் காற்றைச் சொல்லும். தொழிலாளியின் காலரில் குப்பியைப் பொருத்தி, இடுப்பில் சிறிய பம்ப்பைக் கட்டி, ஷிப்ட் முழுவதும் அவரோடு நடமாட விட்டால்தான் அவர் மூக்கருகே உள்ள காற்று தெரியும். இரண்டும் சில வேளைகளில் பல மடங்கு வேறுபடும். மூன்றாவது: யாருக்குப் பொருத்தினார்கள்? தூசு மூட்டையை அவிழ்ப்பவருக்கா, மேற்பார்வையாளருக்கா?

நான்காவது, சராசரி. பெரும்பாலான வரம்புகள் 8 மணி நேரச் சராசரிக்கானவை. உங்கள் ஷிப்ட் 12 மணி நேரம் என்றால் அதே எண்ணை அப்படியே வைத்துக்கொள்ளக் கூடாது. கூடுதலாக 4 மணி நேரம் நச்சு உள்ளே போகிறது, உடல் அதை வெளியேற்றக் கிடைக்கும் நேரமோ 4 மணி குறைகிறது. தொட்டியைத் திறக்கும் பத்து நிமிடத்தில் பாயும் வாயுவும் நாள் சராசரியில் கரைந்து காணாமல் போய்விடும். அந்தப் பத்து நிமிடத்தைத் தனியாக அளக்கச் சொல்லுங்கள்.

இரைச்சலுக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு, அதை ஒவ்வொரு சங்கப் பொறுப்பாளரும் மனத்தில் வைத்திருக்க வேண்டும். டெசிபல் சாதாரண எண்ணைப் போலக் கூடுவதில்லை. 3 டெசிபல் ஏறினால் காதில் விழும் ஆற்றல் இரட்டிப்பாகிறது. மேலே சொன்ன அமெரிக்க ஆய்வு நிறுவனம் 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்று பரிந்துரைக்கிறது. 88 என்றால் 4 மணி நேரம்தான். 91 என்றால் 2 மணி. 97 டெசிபல் எழுப்பும் இயந்திரத்தருகே அரை மணி நேரம் நின்றாலே அன்றைய அளவு தீர்ந்துவிடும். 'மூன்றுதானே கூடியிருக்கிறது' என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை அவர் முன் வையுங்கள்.

வரம்புக்குள் இருந்தால் பாதுகாப்பு என்றுதானே பொருள்?

இல்லை. வரம்பு என்பது அறிவியலும் செலவுக் கணக்கும் அரசியலும் சேர்ந்து ஒரு நாளில் போட்ட கோடு. ரத்தப் புற்றுநோய் தரும் பென்சீனுக்கு அமெரிக்காவில் காற்றில் 10 லட்சத்தில் 10 பங்கு என்று இருந்ததை 1 பங்காகக் குறைக்கும் விதி 1978இல் வந்தது. தொழில் நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 1980இல் உச்ச நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. அதே 1 பங்கு மீண்டும் விதியானது 1987இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் பென்சீன் தன் குணத்தை மாற்றிக்கொள்ளவில்லை. சிலிக்கா தூசுக்கும் இதே கதை. 2016ஆம் ஆண்டு விதி அமெரிக்க ஆலைகளுக்கான வரம்பை ஏறக்குறையப் பாதியாக்கி, கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்று வைத்தது.

நிபுணரிடம் என்ன கேட்பது?

'வேலையிடத்தை ஆராய்ந்து அறிக்கை தரவும்' என்று மட்டும் எழுதினால் எங்கும் பொருந்தும் பொதுவான அறிக்கைதான் வரும். எந்தப் பிரிவு, எந்த வேலை, எந்த ஷிப்ட், எந்தத் தொந்தரவு, எப்போது முதல் என்று எழுதுங்கள். 'பொதிகட்டும் பிரிவில் இரவு ஷிப்டில் வேலை செய்பவர்களின் தோள்வலி, இயந்திர வேகம் கூட்டப்பட்ட பிறகு அதிகமாகியிருக்கிறதா?' என்பது கேள்வி. காரணத்தை மட்டுமின்றி மாற்று வழியையும் கேளுங்கள். ஒரே வழியைச் சொல்லும் அறிக்கையை நிர்வாகம் 'இயலாது' என்று ஒரே சொல்லில் முடித்துவிடும். இரண்டு மூன்று வழிகள் இருந்தால் எதை என்று பேச வேண்டியிருக்கும்.

எந்தச் சோதனை என்பதையும் கேளுங்கள். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா நிலக்கரிச் சுரங்கங்களில், மூச்சுவிட முடியாமல் தவித்த தொழிலாளர்களின் மார்பு எக்ஸ்ரே பெரிதாக எதையும் காட்டவில்லை என்று சொல்லி இழப்பீடு மறுக்கப்பட்டது. டொனால்ட் ராஸ்முசென் என்ற மருத்துவர் அவர்களை உடற்பயிற்சி செய்ய வைத்து, அப்போது ரத்தத்தில் ஆக்சிஜன் எப்படிக் குறைகிறது என்று அளந்தார். படத்தில் தெரியாத சேதம் அங்கே தெரிந்தது. அவரும் வேறு சில மருத்துவர்களும் சுரங்க ஊர்களின் கூட்டங்களுக்கே போய் இதை விளக்கினார்கள். 1969இல் அந்த மாநிலத்தில் சுமார் 40,000 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த ஆண்டின் இறுதிக்குள் நிலக்கரிச் சுரங்க உடல்நல, பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஒரு வருத்தமான உண்மையையும் மறைக்க வேண்டாம்: அன்றைய சங்கத் தலைமை இதில் முன்னால் நிற்கவில்லை. உறுப்பினர்களே எழுந்தார்கள்.

நிபுணர் வருவதற்கு முன் நாங்கள் செய்ய வேண்டியது?

இத்தாலியத் தொழிலாளர்கள் 1960களில் டுரின் நகரக் கார் ஆலைகளில் தொடங்கிய முறையைவிடச் சிறந்ததை நான் இன்றுவரை காணவில்லை. இவார் ஒட்டோனே என்ற மருத்துவர் அவர்களோடு சேர்ந்து வேலை செய்தார். ஒரே வேலையை ஒரே இடத்தில் செய்பவர்கள் ஒரு குழு. அந்தக் குழு உட்கார்ந்து தங்கள் வேலையைப் பேசும். வெளிச்சம், இரைச்சல், வெப்பம் போன்று வீட்டிலும் இருக்கக்கூடியவை ஒரு வகை. தூசு, வாயு போன்று ஆலைக்கே உரியவை இரண்டாம் வகை. உடல் உழைப்பின் களைப்பு மூன்றாவது. வேகம், சலிப்பு, பதற்றம் போன்றவை நான்காவது. குழு ஒத்துக்கொண்டதே பதிவாகும். நிபுணர் அதற்குப் பிறகுதான் வருவார், குழு சொன்னதைக் கருவியால் சோதிப்பார். தன் உடல்நலத்தைப் பற்றிய தீர்ப்பை வேறு யாரிடமும் ஒப்படைத்துவிடக் கூடாது என்பது அவர்கள் கொள்கை. 1970 மே மாதத்தில் வந்த இத்தாலியத் தொழிலாளர் சட்டத்தின் 9ஆம் பிரிவு, நோய்த்தடுப்பு விதிகள் நடைமுறையாவதைக் கண்காணிக்கவும் ஆய்வுகளை முன்னெடுக்கவும் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு உரிமை தந்தது.

செய்வது எளிது. பெரிய தாளில் மனித உருவம் ஒன்றை முன்புறமும் பின்புறமும் வரையுங்கள். ஒவ்வொருவரும் தனக்கு வலிக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைக்கட்டும். வலிக்கு ஒரு நிறம், தோல் எரிச்சலுக்கு ஒன்று, மூச்சுத் தொந்தரவுக்கு ஒன்று. இருபது பேர் வைத்த பின் அந்தத் தாளைப் பாருங்கள். எல்லாருடைய வலது தோளிலும் புள்ளிகள் குவிந்திருக்கும்போது அறையில் ஓர் அமைதி வரும். 'எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்' என்று யாராவது சொல்வார்கள். பத்தாண்டுகளாக வலியை வீட்டில்கூடச் சொல்லாத ஒரு தோழர் அப்படிச் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். எந்த வழக்கறிஞரும் எந்த அறிக்கையும் அந்த நிமிடத்தைத் தர முடியாது.

அடுத்து ஆலையின் தரைப்படத்தை வரைந்து, எந்த இயந்திரத்தருகே எந்தத் தொந்தரவு என்று குறியுங்கள். விடுப்புப் பதிவு, விபத்துப் பதிவு, ரசாயனங்களின் பாதுகாப்புத் தரவுத்தாள், முந்தைய அளவீடுகள் அனைத்தையும் எழுத்து மூலம் கேளுங்கள். மறுத்தால் அந்த மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள்.

பேசினால் வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறார்கள். மருத்துவ விவரம் வெளியே போகாதா?

பயம் நியாயமானது, அதை வீரப்பேச்சால் மூடக் கூடாது. ஒருவருடைய மருத்துவ விவரம் அவருக்கும் மருத்துவருக்கும் மட்டுமே உரியது. நிர்வாகத்துக்குப் போகக் கூடாது. சங்கத்துக்கும் போகக் கூடாது, இதை நம் பொறுப்பாளர்கள் சிலர் மறந்துவிடுகிறார்கள். சங்கத்துக்குத் தேவை தொகுப்பு எண்: இத்தனை பேரில் இத்தனை பேருக்குச் செவித்திறன் குறைவு. நான்கே பேர் உள்ள பிரிவு என்றால் அந்த எண்கூட ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். அதைப் பக்கத்துப் பிரிவோடு சேர்த்துக் கணக்கிடச் சொல்லுங்கள். நேர்காணலை மேற்பார்வையாளர் கண்ணில் படும் அறையில் வைக்காதீர்கள்.

ஆனால் காற்று, இரைச்சல், ரசாயனம் பற்றிய அளவீடுகள் யாருடைய தனி ரகசியமும் அல்ல. அமெரிக்க விதிப்படி தொழிலாளியோ அவருடைய பிரதிநிதியோ கேட்டால் அவற்றை 15 வேலை நாள்களுக்குள் காட்ட வேண்டும், 30 ஆண்டுகள் பாதுகாத்தும் வைக்க வேண்டும். உங்கள் ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வரியைச் சேர்க்க முயலுங்கள்.

மன அழுத்தத்தை அளக்க முடியுமா?

முடியும். வேலை எவ்வளவு நெருக்குகிறது, அதைச் செய்யும் விதத்தை முடிவு செய்யத் தொழிலாளிக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் முறையை ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் 1979இல் முன்வைத்தார். நெருக்கடி அதிகம், முடிவெடுக்கும் இடமோ குறைவு என்னும் வேலைதான் மிக ஆபத்தானது. பிறகு வந்த கோபன்ஹேகன் வினாத்தாள் போன்றவை பல நாடுகளில் பயன்படுகின்றன. இவை ஒவ்வொருவரின் மனத்தையும் தனித்தனியாக ஆராயவில்லை, வேலை அமைக்கப்பட்ட விதத்தை ஆராய்கின்றன. எனவே 'தியான வகுப்பு நடத்துகிறோம்' என்ற பதிலை ஏற்க வேண்டியதில்லை.

பிரான்ஸ் டெலிகாம் என்ற தொலைபேசி நிறுவனத்தில் ஆயிரக்கணக்கானோரை வெளியேற்றும் மறுசீரமைப்பு நடந்தபோது ஊழியர்கள் அடுத்தடுத்துத் தற்கொலை செய்துகொண்டார்கள். அங்கே இரண்டு சங்கங்கள் 2007இலேயே, மன அழுத்தத்தையும் கட்டாய இடமாற்றத்தையும் கண்காணிக்க ஓர் அமைப்பைத் தாங்களே உருவாக்கியிருந்தன. ஆய்வாளர்களை அழைத்தன, கணக்கெடுத்தன. 2009இல் ஒரு வெளி நிறுவனம் நடத்திய வினாத்தாள் ஆய்வில் ஏறக்குறைய 80,000 ஊழியர்கள் பதில் எழுதினார்கள். ஒரு சங்கம் குற்றப் புகார் கொடுத்தது. 2010இல் தொழிலாளர் ஆய்வாளரின் அறிக்கை அரசு வழக்கறிஞருக்குப் போனது. 2019 டிசம்பரில் நிறுவனமும் அதன் முன்னாள் உயர் நிர்வாகிகளும் துன்புறுத்தல் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். வேலையை அமைத்த முறையே துன்புறுத்தலாக இருக்க முடியும் என்று நீதிமன்றம் ஏற்றது. இதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. சங்கம் தொடக்கத்திலிருந்தே தேதியோடு எழுதி வைத்திராவிட்டால் வழக்கு நின்றிருக்குமா என்று எனக்கு ஐயம்.

அறிக்கை கைக்கு வந்துவிட்டது. அடுத்து?

முதலில் உறுப்பினர்களிடம் கொண்டுபோங்கள். 90 பக்கத்தை யாரும் படிக்க மாட்டார்கள். நான்கு பக்கத்தில், அவர்கள் இயந்திரத்தின் பெயரோடும் அவர்கள் ஷிப்டின் பெயரோடும் எழுதுங்கள். நிபுணரையே வரவழைத்து அவர்கள் முன்னால் விளக்க வையுங்கள். 'இது எங்கள் பிரிவில் அப்படி இல்லையே' என்று யாராவது சொன்னால் நிபுணர் திருத்திக்கொள்ள வேண்டும்.

பிறகு ஒவ்வொரு பரிந்துரையையும் கோரிக்கையாக மாற்றுங்கள்: என்ன மாற்றம், எந்தத் தேதிக்குள், பொறுப்பாளர் யார், மாற்றியபின் மறுபடி அளப்பது எப்போது. மறு அளவீடு இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள். நிர்வாகம் அசையாவிட்டால் அந்த அறிக்கை தொழிலாளர் ஆய்வாளருக்கும், தேவையானால் நீதிமன்றத்துக்கும் போகும். நிபுணர் ஆபத்து என்று எழுதிக் கொடுத்தபின் 'எங்களுக்குத் தெரியாது' என்று நிர்வாகம் சொல்ல முடியாது. அறிக்கையின் பெரிய சட்டப் பயன் அதுவே. 2008 மார்ச்சில் பிரான்சின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், ஸ்னெக்மா என்ற விமான இயந்திர நிறுவனத்தின் பணி மறுசீரமைப்பை நிறுத்தி வைத்தது சரியே என்றது. இரவும் பகலும் கண்காணிக்க வேண்டிய ஆபத்தான பிரிவில் ஆட்களைக் குறைத்து, சில நேரங்களில் ஒருவரைத் தனியே விடும் திட்டம் அது. விபத்து நடக்கும்வரை காத்திராமல், வரப்போகும் ஆபத்துக்காகவே ஒரு திட்டத்தைத் தடுக்கலாம் என்பது பல சங்கங்களுக்குப் புதிய கதவைத் திறந்தது.

'முகக்கவசம் தருகிறோம்' என்று முடித்துவிடுகிறார்கள்.

முகக்கவசமும் காது அடைப்பானும் கடைசி வழி. முதலில் அந்தப் பொருளையே விலக்க முடியுமா, ஆபத்து குறைந்த மாற்றுப் பொருள் உண்டா, இயந்திரத்தை மூடி உறிஞ்சு குழாய் வைக்க முடியுமா, வேலை முறையை மாற்ற முடியுமா என்று வரிசையாகப் பார்த்த பிறகே அது. அறிக்கை இந்த வரிசையில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஆபத்துக்குக் கூடுதல் படி கேட்கலாமா?

உறுப்பினர்கள் கேட்பார்கள், அவர்கள் வீட்டுக் கணக்கு நமக்குத் தெரியும். இருந்தாலும் நான் இதற்கு எதிராகவே பேசிவந்திருக்கிறேன். படி வந்தவுடன் தூசு விலைக்கு வாங்கப்பட்டதாகிவிடும். அடுத்த ஆண்டு இயந்திரத்தை மூடச் சொல்லிக் கேட்டால், 'அப்படியானால் படி கிடையாது' என்பார்கள். தொழிலாளியே ஆபத்தைக் காக்கும் நிலைக்குத் தள்ளப்படுவார். இத்தாலியத் தொழிலாளர்கள் 'உடல்நலம் விற்பனைக்கு இல்லை' என்று முழங்கியது இதனால்தான். கூலி உயர்வு வேண்டுமானால் கூலி உயர்வாகவே கேளுங்கள். வேலையால் ஏற்கெனவே நோயுற்றவருக்கு உரிய இழப்பீடு வேறு விஷயம், அதில் ஒரு காசும் விடாதீர்கள்.

அறிக்கை நமக்கு எதிராக வந்தால்?

மறைக்காதீர்கள். ஒருமுறை மறைத்தால் அடுத்த அறிக்கையை யாரும் நம்ப மாட்டார்கள். 'பாதிப்பு தெரியவில்லை' என்பதற்கும் 'பாதிப்பு இல்லை' என்பதற்கும் உள்ள தூரத்தை மட்டும் கவனியுங்கள். ஆட்கள் குறைவாக இருந்தால் உண்மையான பாதிப்பும் கணக்கில் தெரியாமல் போகலாம். நோயுற்றவர்கள் ஏற்கெனவே வேலையை விட்டுப் போயிருந்தால், மிச்சமிருக்கும் திடமானவர்களைப் பார்த்து 'எல்லாரும் நலம்' என்று எழுதப்பட்டிருக்கலாம். சில நேரங்களில் நாம் நினைத்த காரணம் தவறாக இருக்கும். ரசாயனம் என்று நினைத்த தலைவலிக்குக் காற்றோட்டக் குறைவு காரணமாக இருக்கலாம். அதுவும் தீர்க்க வேண்டியதுதானே.

ஒப்பந்தத் தொழிலாளர்கள் எங்கள் உறுப்பினர்கள் இல்லை. அவர்களைச் சேர்க்க வேண்டுமா?

கட்டாயம். தொட்டிக்குள் இறங்குபவர், வடிகட்டியைத் தட்டிச் சுத்தம் செய்பவர், இரவில் தரையைப் பெருக்குபவர் பெரும்பாலும் அவர்களே. அவர்களை விட்டுவிட்டு அளந்தால் மிக மோசமான காற்றை விட்டுவிட்டு அளந்தாயிற்று. ஆய்வுக்கான கோரிக்கைக் கடிதத்திலேயே அவர்கள் செய்யும் வேலைகளைப் பெயர் சொல்லிச் சேருங்கள்.

ஓய்வு பெற்றவர்களுக்கு இதில் என்ன பங்கு?

கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசு நுரையீரலைச் சுற்றியுள்ள நெஞ்சறை உறையில் உண்டாக்கும் புற்றுநோய் வெளிப்பட 20 முதல் 50 ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் அந்த ஆள் வேலையில் இருக்க மாட்டார். வேலையில் இருப்பவர்களை மட்டும் பரிசோதித்தால் அந்த நோய் கண்ணில் படாது.

இர்விங் செலிகாஃப் என்ற அமெரிக்க மருத்துவருக்குக் கல்நார் நிறுவனங்களின் பணியாளர் பதிவேடுகள் கிடைக்கவில்லை. குழாய்களுக்கும் கொதிகலன்களுக்கும் கல்நார் உறை போட்டுவந்த வெப்பக்காப்புத் தொழிலாளர்களின் சங்கத்தை அவர் அணுகினார். நியூயார்க், நியூஜெர்சி கிளைகளின் உறுப்பினர் ஏட்டில் யார் எந்த ஆண்டு சேர்ந்தார், யார் எப்போது இறந்தார் என்பது பதிவாகியிருந்தது. 632 பேரின் பெயர்களைப் பின்தொடர்ந்தார். வழக்கமாக நுரையீரலிலும் நெஞ்சறை உறையிலும் வரும் புற்றுநோயால் ஆறேழு பேர் இறந்திருக்க வேண்டிய கணக்கில் 45 பேர் இறந்திருந்தார்கள். 1964இல் அது வெளியானது. பிறகு 1967 முதல் அமெரிக்காவிலும் கனடாவிலும் அதே சங்கத்தின் ஏறக்குறைய 17,800 உறுப்பினர்களை அவருடைய குழு பின்தொடர்ந்தது. கல்நார் பற்றி உலகம் இன்று அறிந்ததில் பெரும்பகுதிக்கு அடித்தளம், சந்தா வசூலுக்காக யாரோ கிளைச் செயலாளர்கள் ஒழுங்காக எழுதிவைத்த அந்த ஏடுகள்.

உங்கள் சங்க அலுவலக அலமாரியில் இருக்கும் பழைய உறுப்பினர் பதிவேடுகளை எடைக்குப் போடாதீர்கள். சேர்ந்த தேதி, வேலை செய்த பிரிவு, பிரிவு மாறிய தேதி, ஓய்வு பெற்ற தேதி ஆகியவற்றுக்கு இனி ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் இடம் விடுங்கள். ஓய்வு பெற்றவரை ஆண்டுக்கு ஒருமுறை யாராவது போய்ப் பார்த்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டு, அவர் சொன்னதைத் தேதியிட்டு எழுதி வாருங்கள்.